பேரிங் சத்தம்

துணியே இல்லாமல் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியவந்தபோது, நான் பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவே ஒரு லிஃப்டின் உச்சந்தலையில் நின்றுகொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. 'சுழற்சி முடிந்தது. துணிகளை எடுக்கவும்.'

எடுக்கலாம்தான். போட்டது யார்? செவ்வாய்க்கிழமை, மதியம் மணி ஒன்று இருபது. மனைவி கண்ணாடிக் கடையில் யாருக்கோ கண் பரிசோதனை செய்துகொண்டிருப்பாள். மகள் காப்பகத்தில் இருப்பாள். வீட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று என் இடுப்பில் தொங்குகிறது, இன்னொன்று அவள் கைப்பையில்.

நான் லிஃப்ட் மெக்கானிக். சந்தேகம் எனக்குக் குணமில்லை, தொழில். ஆளில்லாமல் லிஃப்ட் மேலும் கீழும் போய்வந்தால் குடியிருப்பவர்கள் பேய் என்பார்கள். எங்கேயோ ஒரு கை பொத்தானை அழுத்தியிருக்கும், இல்லையென்றால் எங்கேயோ ஒரு வயர் உரசியிருக்கும். மூன்றாவது காரணத்தை இந்தப் பத்து வருடத்தில் நான் பார்த்ததில்லை.

அங்கேயே நின்று மெஷினின் பழைய பதிவுகளைத் தோண்டினேன்.  ஆறு வாரமாக, செவ்வாயும் வெள்ளியும், மதியம் ஒன்று ஐந்து, ஒன்று எட்டு, ஒன்று ஆறு. தண்ணீர் கிடையாது, வெறும் சுழற்சி மட்டும். பன்னிரண்டு நிமிடம். எடை: பூஜ்யம். சில நாட்களில் இரண்டு தடவை.

இத்தனை நாள் ஏன் கவனிக்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பேசாத சாமான் கிடையாது. தரை பெருக்கும் தட்டு 'நான் சோபாவுக்கு அடியில் சிக்கிக்கொண்டேன்' என்று அழும். தண்ணீர் வடிகட்டி 'என்னை மாற்றவும்' என்று மிரட்டும். எல்லாம் நான் வாங்கிப் போட்டவைதான். தொல்லை தாங்காமல் எல்லாவற்றின் வாயையும் அடைத்து வைத்திருந்தேன். போன வாரம் புதுப் போன் வாங்கியதும் அத்தனையும் உயிர்பெற்று எழுந்துவிட்டன.

என்னோடு வேலை செய்பவனை எல்லோரும் ஆயில்கேன் என்று கூப்பிடுவோம். எந்தச் சத்தம் கேட்டாலும் முதலில் எண்ணெய் விடுவான், பிறகுதான் காரணம் தேடுவான். அவனிடம் சொல்லியிருக்கவே கூடாது. சொல்லிவிட்டேன்.

"ஆளில்லாத வீட்டுல மெஷின் ஓடுதுன்னா, வீட்டுல ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்றான்.

"என்னடா சொல்ல வர்றே?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. நெருப்பில்லாம புகையுமா? சத்தம் வேணும்னு யாரோ மெஷினைப் போடுறாங்க. எதுக்குச் சத்தம் வேணும்? இன்னொரு சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னுதானே?"

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு எண்ணெய் விடப் போய்விட்டான். எனக்கு அன்று முழுக்கக் கை ஓடவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி அப்படிப்பட்டவள் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் கம்பி அறுந்து விழும் லிஃப்டைப் பற்றியும் முந்தின நாள் வரை எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு பாழாய்ப்போன எண்ணம் தலைக்குள் ஏறிவிட்டால் அதற்கு இறங்க மாடியே கிடையாது. எனக்கு இருப்பதெல்லாம் அவளும் மகளும்தான். அதில் ஒன்று கையைவிட்டுப் போகிறதோ என்ற பயம். அதைப் பயம் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்ததால் ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

முதலில் பொறி வைத்தேன். லிஃப்டின் மெஷின் அறையைப் பூட்டிவிட்டுப் போகும்போது கதவிடுக்கில் ஒரு தீக்குச்சியைச் செருகி வைப்பது எங்கள் வழக்கம். திரும்பி வரும்போது குச்சி கீழே கிடந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலை மனைவியும் மகளும் இறங்கிப் போனபிறகு வாசல் கதவில் ஒரு குச்சி. மெஷினுக்குள் என்னுடைய பழைய சாக்ஸ் ஒன்று, ஒற்றையாக.

சாயங்காலம் நான்தான் முதலில் வீடு திரும்பினேன். குச்சி மிதியடியில் கிடந்தது. சாக்ஸ் மெஷினுக்கு மேலே நேர்த்தியாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பதிவில் எடை பூஜ்யம். வயர் உரசினால் சாக்ஸை மடிக்காது. ஆகவே கை. சாவி உள்ள கை.

இரவுச் சாப்பாட்டின்போது, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி கேட்டேன். "இன்னைக்கு மதியம் எங்க சாப்பிட்டே?"

"கடையிலதான். ஏன்?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற ஆளா நீ?" என்றாள்.

பொய். பதினான்கு மாதக் குழந்தைக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டே, கண்ணைக்கூட இமைக்காமல் ஒரு பொய். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். மகள் மட்டும் மேசையைத் தட்டித் தட்டி அடுத்த வாய் கேட்டாள். அவளுக்கு வீட்டில் மேனேஜர் என்று பெயர். யார் எப்போது தூங்குவது, எப்போது எழுவது, யாருக்கு விடுமுறை என்பதையெல்லாம் முடிவு செய்பவள் அவள்தான்.

மேனேஜரின் தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டியிருக்கிறேன். அதுவும் சாதாரணக் கேமரா இல்லை, அழுகையைக் கண்டுபிடிக்கும் கேமரா. அவள் அழுதால் நான் எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் இருந்தாலும் 'அழுகை கேட்கிறது. குழந்தையைக் கவனிக்கவும்' என்று போனில் வந்துவிடும். மற்றவற்றின் வாயை அடைத்தாலும் இதை மட்டும் அடைத்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் அதற்கும் ஒருமுறை கிறுக்குப் பிடித்தது. மதிய நேரத்தில் 'அழுகை கேட்கிறது' என்றது. பதறியடித்துக் காப்பகத்துக்குப் போன் போட்டால் மேனேஜர் அங்கே ஜம்மென்று தூங்கிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்கு இரவு அதை ஒரு நகைச்சுவையாக மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். "ஆளே இல்லாத வீட்டுல அழுகை கேக்குதாம். லூசுக் கேமரா. ஏதாவது பூனை கத்தியிருக்கும்."

"பூனையாத்தான் இருக்கும்" என்று அவளும் சிரித்தாள்.

கேமராவைக் கழற்றி மாட்டிச் சரிசெய்தேன். அடுத்த வாரம் முதல் மதியத்தில் ஒரு சத்தமும் வரவில்லை. என் கைராசி அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தக் கேமராவின் நினைவு வந்தது. அது தொட்டிலை மட்டும்தான் பார்க்கும். ஆனால் காது வீடு முழுக்க எட்டும். திங்கட்கிழமை, பழைய கட்டடமொன்றின் மெஷின் அறையில் உட்கார்ந்து, காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, வெள்ளிக்கிழமைப் பதிவை ஓடவிட்டேன். ஒன்று இரண்டு: வாசல் கதவு திறக்கும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். ஒரே ஒரு ஆளின் காலடி. ஒன்று ஐந்து: மெஷின் ஓடத் தொடங்குகிறது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆணின் குரலுக்காகக் காத்திருந்தேன். இதைச் சொல்ல இப்போதும் எனக்கு நாக்கூசுகிறது. ஆனால் காத்திருந்தேன்.

குரல் ஏதும் இல்லை. மெஷினின் இரைச்சலுக்கு அடியில் மட்டும் இன்னொன்று கேட்டது. விட்டுவிட்டு ஒரு முனகல். ஏறும், இறங்கும், நடுவில் அறுந்து போகும், மறுபடி தொடங்கும். மூன்று தடவை திரும்பத் திரும்பக் கேட்டேன். கண்டுபிடித்துவிட்டேன்.

பேரிங்.

எனக்குத் தெரியாத பேரிங் சத்தமா? தேய்ந்த பேரிங் அப்படித்தான் அனத்தும். எடையே இல்லாமல் வேகமாகச் சுற்றினால் தேயாமல் என்ன செய்யும்? யாரோ என் மெஷினைக் கெடுக்கிறார்கள், யார் என்று தெரிந்துவிட்டது, ஏன் என்றுதான் தெரியவில்லை. என் புத்தி அந்த மட்டில் நின்றது. ஆயில்கேனைக் கிண்டல் செய்கிற எனக்கு அவனை விட ஒரு மில்லிமீட்டர்கூட அதிகப் புத்தி இல்லை.

அன்று மாலையே போனிலிருந்து மெஷினுக்கு ஒரு பூட்டு போட்டேன். காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை யார் பொத்தானை அழுத்தினாலும் ஓடாது. காலையில் ஓடும், சாயங்காலம் ஓடும், மதியம் மட்டும் ஓடாது. ஏன் ஓடவில்லை என்று அவளால் என்னைக் கேட்கவும் முடியாது. கேட்டால் மதியம் வீட்டில் இருந்தது வெளிப்பட்டுவிடும். மடக்கிவிட்டேன் என்று எனக்குள் ஒரு மமதை.

செவ்வாய்க்கிழமை ஒன்று ஆறுக்குப் போன் அதிர்ந்தது. 'தொடங்க முயற்சி. இயந்திரம் பூட்டப்பட்டுள்ளது.' ஒன்று ஏழுக்கு மறுபடி. ஒன்று எட்டுக்கு மறுபடி. மொத்தம் ஒன்பது முயற்சிகள். அத்தோடு நின்றுவிட்டது. அந்த ஒன்பதையும் நான் லிஃப்டின் தலைமேல் நின்றபடி, வேட்டைக்காரன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. மேனேஜர் தண்ணீரைக் கொட்டியதற்கு, எப்போதும் சிரிப்பவள், சுள்ளென்று எரிந்து விழுந்தாள். பிறகு குழந்தையைத் தூக்கி அணைத்துக்கொண்டு ரொம்ப நேரம் சுவரைப் பார்த்து நின்றாள்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க."

எங்கள் வீட்டில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஊருக்கு முன்னால் அவள் என்னை 'நீங்க' என்பாள். வீட்டுக்குள் 'நீ'. வீட்டுக்குள்ளேயே 'நீங்க' வந்துவிட்டால் நான் அவளுக்கு ஊராகிவிட்டேன் என்று பொருள். பூட்டுப் போட்டதும் முகம் மாறுகிறதே, அப்படியானால் குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும் என்று என் புத்தி மறுபடி ஆயில்கேன் பக்கம் போயிற்று.

வெள்ளிக்கிழமை ஆயில்கேனிடம் இரண்டு மணி நேரம் கடன் கேட்டேன். "கையும் களவுமா பிடி" என்று வாழ்த்தி அனுப்பினான்.

எங்கள் கட்டடத்துக்கு எதிரில் மருந்துக்கடை. அதன் வாசலில், தேவையில்லாத ஒரு இருமல் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு மணிக்கு அவள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். கடையிலிருந்து பத்து நிமிட நடை. அதை ஏழு நிமிடத்தில் நடந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. யாரையும் பார்க்கவில்லை. தெருவைக் கடக்கும்போது என் பக்கம் முகம் திரும்பியது, ஆனால் என்னைத் தெரியவில்லை. ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறவள். எனக்கு ஏனோ அப்போதே உள்ளுக்குள் ஒன்று தட்டியது. ஆனால் உள்ளே ஏற்கெனவே எவனாவது இருந்தால்? என்னுடைய அந்தக் கேடுகெட்ட தலை அப்படித்தான் கேட்டது.

ஐந்து நிமிடம் கழித்துப் படியேறினேன். லிஃப்ட் சத்தம் கேட்குமாம், அதனால் படி. எங்கள் கதவில் காது வைத்தேன். மிக்ஸி ஓடியது.

மிக்ஸி! மெஷின் பூட்டியதால் மிக்ஸி. அதுவும் உள்ளே ஒன்றுமில்லாத மிக்ஸி. காலி ஜாரின் சத்தம் தனி, கீச்சென்று ஏறும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். இப்படி ஓட்டினால் சூடேறி நின்றுவிடும் என்று நான் நினைக்கவும் அது சட்டென்று நின்றுவிடவும் சரியாக இருந்தது.

அப்போது கேட்டது. அதே முனகல். ஏறி, இறங்கி, நடுவில் அறுந்து, மறுபடி தொடங்குகிற முனகல். மெஷினும் இல்லை, மிக்ஸியும் இல்லை. வெறும் சத்தமாக, கதவுக்கு அந்தப் பக்கம்.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. 'அழுகை கேட்கிறது. குழந்தையைக் கவனிக்கவும்.'

அந்த எழுத்துகளை நான் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. பூனை. லூசுக் கேமரா. பேரிங். ஒவ்வொன்றும் என் கன்னத்தில் அறைந்தாற்போல வந்தது. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

அவள் சமையலறைத் தரையில், வாஷிங் மெஷினில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கடைச் சீருடை கசங்கியிருந்தது. மிக்ஸியைத் தரையில் இறக்கி மடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். என்னைக் கண்டதும் துள்ளி எழுந்தாள்.

"மேனேஜருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கா."

"அப்புறம் ஏன் இந்நேரத்துக்கு...?"

அந்த நேரத்தில் நான் செய்ததை நினைத்தால் இப்போதும் தூக்கம் வராது. என் கண், என்னைக் கேட்காமலே, சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்வந்தது. ஒரு நொடிதான். அவள் பார்த்துவிட்டாள்.

"யாரைத் தேடுறீங்க?" என்றாள்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் பதிவு, தீக்குச்சி, சாக்ஸ், பூட்டு, மருந்துக்கடை. இருமல் மருந்து சாட்சியாகக் கையிலேயே இருந்தது.  கடைசியில் அவள் மெதுவாக மெஷினைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுவும் உங்ககிட்ட சொல்லிடுமா?"

"ம்."

"இந்த வீட்டுல உங்ககிட்ட சொல்லாத சாமான் நான் ஒருத்திதானா?"

மறுபடி தரையில் உட்கார்ந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். தரை சில்லென்று இருந்தது.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னேனே. அசதியா இருக்குன்னு சொன்னேன். தரை பெருக்குற தட்டு வாங்கிட்டு வந்தீங்க. மனசு சரியில்லன்னு சொன்னேன். மூச்சை உள்ள இழு, வெளிய விடுன்னு எவளோ பேசுற ஒரு ஆப்பைப் போட்டுக் குடுத்தீங்க. அதுக்கு மேல என்ன சொல்ல?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "காரணம் ஒண்ணும் இல்ல. குழந்தைமேல உசிரே வச்சிருக்கேன். ஆனா திடீர்னு அழுகை வருது. அழ எடம் இல்ல. கடையில பாத்ரூம் கதவை ரெண்டு நிமிஷத்துல தட்டுவாங்க. ராத்திரி அவ முழிச்சிடுவா. செவ்வாயும் வெள்ளியும்தான் கடையில இன்னொரு பொண்ணு இருக்கா, ஒரு மணி நேரம் முழுசா விடுவாங்க. இங்க வந்து அழுதா, அந்தக் கேமரா உங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுது. நீங்க சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சிரிக்கிறீங்க."

"கேமராவை ஆஃப் பண்ணியிருக்கலாமே."

"ஒருநாள் கரண்ட் போனதுக்கே ஒரு நிமிஷத்துல போன் பண்ணி, ஏன் ஆஃப்ல இருக்குன்னு கேட்டவரு யாரு?"

நான்தான்.

"அதான் மெஷினைப் போட்டேன். தண்ணி வீணாக்க மனசு வரல. வெறும் சுத்து மட்டும். பன்னெண்டு நிமிஷம் போதும் எனக்கு. சில நாள் பத்தாது." மெஷினைக் கையால் தொட்டாள். "அதையும் பூட்டிட்டீங்க."

 இதைவிட அவள் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தால், வாயிலிருந்து வந்தது வேறு.

"நான் பேரிங்னு நினைச்சேன்."

"என்னது?"

"அந்தச் சத்தத்தை. ரெக்கார்டிங்ல கேட்டேன். மூணு தடவை கேட்டேன். பேரிங் போயிடுச்சுன்னு நினைச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். உதடு நடுங்கியது. போச்சு, மறுபடி அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக, மூக்கு ஒழுக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "பேரிங்கா! அடப்பாவி! நான் அழுதா உனக்குப் பேரிங் மாதிரியா கேக்குது?"

'உனக்கு.' அந்த ஒரு சொல்லைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

சிரிப்பு அடங்கியபிறகு சொன்னாள். "வியாழக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். பிள்ளை பெத்தவங்களுக்கு இப்படி வர்றது உண்டாம், பாத்துக்கலாம்னு சொன்னாங்க. தனியாப் போலாம்னு இருந்தேன்."

"நானும் வர்றேன்."

"வா. ஆனா டாக்டருக்கு ஐடியா குடுக்காதே."

போனை எடுத்து அவள் கண்முன்னாலேயே பூட்டைத் திறந்தேன். கேமராவையும் கழற்றிவிடவா என்று கேட்டேன். "அது மேனேஜருக்கு வேணும், இருக்கட்டும்" என்றாள். பிறகு மிக்ஸியைத் தள்ளி வைத்துவிட்டு, கையைப் பின்னால் நீட்டி, பார்க்காமலே மெஷினின் பொத்தானை அழுத்தினாள். பழகிய கை. மெஷின் முக்கி முனகி வேகமெடுத்தது.

"நான் போகட்டுமா? இருக்கட்டுமா?" என்றேன்.

"இரு. பேசாதே. எதையும் ரிப்பேர் பண்ணாதே."

பக்கத்தில் நகர்ந்து நானும் மெஷினில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன். அது முதுகெலும்பு வழியாகத் தலைவரைக்கும் அதிர்ந்தது. அவள் என் தோளில் தலையை வைத்தாள். அழுதாள். முதலில் மெதுவாக, பிறகு வாய்விட்டு. என் கை எதையாவது செய்யத் துடித்தது. தலையைத் தடவலாமா, தண்ணீர் கொண்டுவரலாமா? ஒன்றும் செய்யவில்லை. பத்து வருடத் தொழிலில் பழுது என்று தெரிந்த ஒன்றின் பக்கத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மெஷினை நன்றாகக் கவனித்துக் கேட்டேன். பேரிங் புத்தம்புதிதாக இருந்தது.

பன்னிரண்டு நிமிடம் முடிந்து மெஷின் மெல்ல அடங்கியது. 'துணிகளை எடுக்கவும்' என்று போன் சொன்னது. அவள் முகத்தைக் கழுவித் துடைத்து, சீருடையை நீவிக்கொண்டு, செருப்பைத் தேடினாள். கடைக்குத் திரும்ப இன்னும் பத்து நிமிடம் இருந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

போன் மறுபடி அதிர்ந்தது. தரையில் கிடந்ததை அவள் குனிந்து எடுத்து, வாய்விட்டுப் படித்தாள். "அழுகை கேட்கிறது. குழந்தையைக் கவனிக்கவும்."

என் ஈரக் கன்னத்தைப் பார்த்தாள். போட்ட ஒரு செருப்பையும் கழற்றிவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினாள்.